கட்டிப்போட்ட படகு எப்படி மூழ்குது? கரையிலேயே நடக்கும் விபத்தும், மீட்கும் வழிகளும்!

விருதுநகர் மாவட்டத்துல கடல் கிடையாது. ஆனா, கடலோட நமக்கு இருக்குற பழக்கம் ரொம்பப் பழசு. பட்டாசு ஆலைகள் சூழ்ந்த வெம்பக்கோட்டையில 2022-ல தொடங்கின அகழாய்வுல சங்கு வளையல்கள் நிறைய கிடைச்சது ஞாபகம் இருக்கலாம். சாத்தூரைத் தொட்டு ஓடுற வைப்பாறு போய்ச் சேர்றது மன்னார் வளைகுடாவுலதான். இப்பவும் அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் வழியா வண்டியை விட்டா தூத்துக்குடி வந்துடும்.

அந்தக் கரையில வரிசையா கட்டியிருக்கும் படகுகளைப் பார்க்கும்போது, 'இதுக்கு என்ன ஆபத்து வரப்போகுது? ஆபத்தெல்லாம் நடுக்கடல்லதானே' என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மை அப்படி இல்லை. கட்டிய இடத்திலேயே தண்ணீர் புகுந்து படகுகள் மூழ்குவது உலகம் முழுக்க நடப்பதுதான். கடலில் போகும் படகில் ஆள் இருக்கிறார். காலில் ஈரம் பட்டதும் எங்கே ஒழுகுது என்று தேடுவார், தண்ணியை இறைப்பார். கட்டிப்போட்ட படகில் அந்த ஆள் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்!

61 நாள் ஓய்வு... யாருக்கு?

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017-ல் 61 ஆனது. வலையைச் சரிபார்ப்பது, பெயின்ட் அடிப்பது, இன்ஜினைப் பிரிப்பது என எல்லா வேலையும் இந்த நாள்களில்தான். வேலை முடிந்த பிறகு படகு பல நாள் சும்மா நிற்கும்.

கடல் சும்மா இருக்காது. 'கள்ளக்கடல்' என்ற பெயரை செய்தியில் கேட்டிருப்பீர்கள். தெற்கே வெகுதூரத்தில் வீசிய காற்றில் கிளம்பும் நெடிய அலை, உள்ளூரில் காற்றே இல்லாத நேரத்திலும் கரையில் வந்து மோதும். இது அதிகம் வருவது ஏப்ரல், மே மாதங்களில், அதாவது தடைக்காலத்தில்தான். பக்கத்துப் பக்கத்தில் கட்டிய படகுகள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டால், அந்தச் சேதம் அன்றைக்கே கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று இல்லை.

மெதுவா நிறையும்... சட்டுனு மூழ்கும்!

ஒரு படகு மூழ்குவதில் இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டத்தில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். படகு அடியில் அரை அடி தண்ணி நின்றாலும் கரையில் இருந்து பார்க்கும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆனால், அந்தத் தண்ணீர் ஓரிடத்தில் நிற்காது. தட்டில் ஊற்றிய ரசம் மாதிரி, படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடும். கனம் அங்கே போனதும் இன்னும் சாயும்.

இதில்தான் இரண்டாவது கட்டம் தொடங்குகிறது. சாய்ந்த பக்கத்தில், அதுவரை கடல்மட்டத்துக்கு மேலே இருந்த தண்ணி வடியும் ஓட்டையோ, பம்ப் குழாயின் வாயோ கடலுக்குள் போய்விடும். வெளியே தண்ணி தள்ள வைத்த வழியே உள்ளே தண்ணி வரும் வழியாக மாறிவிடும். பின்பக்கத்தில் இன்ஜின் கனம் இருப்பதால் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் முதலில் இறங்கும். நாள்கணக்கில் நடந்தது கடைசியில் சில நிமிடங்களில் முடியும்.

தண்ணி எங்கிருந்து வருது?

ஒன்று, வானத்திலிருந்து. 9 மீட்டர் நீளம், சராசரி 2 மீட்டர் அகலம் உள்ள திறந்த ஃபைபர் படகை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பளவு 18 சதுர மீட்டர். 1 செ.மீ. மழை பெய்தால் அதற்குள் 180 லிட்டர் விழும். 10 செ.மீ. என்றால் 1.8 டன்! 2024 நவம்பர் 20-ம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ-க்கு மேல் கொட்டியது. இந்தப் படகுக்கு அது 7 டன்னுக்கு மேல். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவானது சுமார் 95 செ.மீ. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இரண்டு, அடியிலிருந்து. விசைப்படகில் இன்ஜினையும் விசிறியையும் இணைக்கும் ஷாஃப்ட் படகின் உடம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. அந்த இடத்தில் தண்ணி வராமல் தடுப்பது கிளாண்ட் பேக்கிங். நிற்கும் படகில் அங்கே விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால், ஒரு நாளைக்குச் சுமார் 4 லிட்டர். ஒரு வாளிகூட நிறையாது. அதனாலேயே அசட்டையா விட்டுடுறோம். பேக்கிங் தேய்ந்து சொட்டு தாரை ஆனால் கதை வேறு. கடல்மட்டத்துக்கு ஓர் அடி கீழே ஓர் அங்குல அளவு ஓட்டை விழுந்தால், நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். முதல் ஒரு மணி நேரத்தில் மட்டும் ஏறக்குறைய இரண்டரை டன். ஒரு பழைய ஹோஸ் பைப்பும், துருப்பிடித்த கிளிப்பும் போதும் இதற்கு.

மூன்று, கயிற்றால். ரொம்ப இறுக்கிக் கட்டினால், கடல்மட்டம் ஏறும்போது படகால் மேலே எழ முடியாது. கயிறே அதைக் கீழே பிடித்து வைக்கும். ரொம்பத் தளர்த்திக் கட்டினால் கல்லில் இடிக்கும், ஜெட்டிக்கு அடியில் போய் மாட்டும்.

'அதான் பம்ப் இருக்கே!'

இருக்கு. தண்ணி ஏறினால் தானாகவே ஓடும் மிதவை சுவிட்ச் வைத்த 12 வோல்ட் பம்ப் நல்ல விஷயம்தான். ஆனால், மணிக்கு 500 கேலன் என்று போட்டிருக்கும் சின்ன பம்ப், எல்லாம் சரியாக இருந்தாலே மணிக்கு 1,900 லிட்டர்தான் தள்ளும். மேலே சொன்ன ஓர் அங்குல ஓட்டைக்கே அது பத்தாது. 4 ஆம்பியர் இழுக்கும் பம்ப், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியைக் காகிதக் கணக்கில் 25 மணி நேரத்தில் காலி செய்துவிடும். பேட்டரி பழசு என்றால் அதில் பாதிகூட வராது. மீன் செதில், நூல் துண்டு, பிளாஸ்டிக் பை என ஏதாவது போய் அடைத்தால் அதுவும் இல்லை.

பம்ப் உங்களுக்கு அவகாசம்தான் வாங்கித் தரும். அந்த அவகாசத்துக்குள் யாராவது வந்து பார்க்க வேண்டும்.

ஆளே வராத படகுக்கு என்ன ஆகும்?

இதற்கு நம் கண் முன்னால் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துப்போன தமிழகப் படகுகள், காரைநகர், காங்கேசன்துறை, தலைமன்னார் போன்ற இடங்களில் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நின்றன. மீனவர்கள் விடுதலையாகி வந்துவிட்டாலும் படகுகள் அங்கேயே நின்றன. அடியைச் சுரண்ட ஆள் இல்லை, மழைத்தண்ணியை இறைக்க ஆள் இல்லை. படகுகள் விடுவிக்கப்பட்ட பிறகும் பலவற்றைக் கொண்டுவர முடியவில்லை. சில, கட்டிய இடத்திலேயே மூழ்கிக் கிடந்தன. 2022 பிப்ரவரியில் 105 படகுகளை இலங்கை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. மீட்க முடியாத நிலையில் இருந்த 125 படகுகளுக்குத் தமிழக அரசு அறிவித்த நிவாரணம், விசைப்படகுக்கு 5 லட்சம், நாட்டுப்படகுக்கு 1.5 லட்சம் ரூபாய்.

அரசியல், எல்லை, சட்டம் எல்லாம் தனிக் கதை. படகைப் பொறுத்தவரை நடந்தது ஒன்றுதான். ஒரு குடும்பத்தின் சோற்றுக்கு ஆதாரமாக இருந்த பொருளை, எட்டிப் பார்க்க ஆள் இல்லாமல் போனது.

தினமும் 10 நிமிஷம்... என்ன பார்க்கணும்?

பட்டாசு ஆலைகளில் கலந்த மருந்தை ராத்திரிக்கு மிச்சம் வைக்கக் கூடாது என்பது விதி. ஆள் இல்லாத நேரத்தில்தான் ஆபத்து என்பது சிவகாசிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படகுக்கும் அப்படி ஒரு பழக்கம் வேண்டும்.

* படகின் அடிப்பலகையைத் தூக்கி, தண்ணி எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்தால், நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியும்.
* நிற்கிற தண்ணியில் ஒரு சொட்டை நாக்கு நுனியில் வையுங்கள் (டீசலோ ஆயிலோ மிதக்காமல் இருந்தால் மட்டும்). உப்புக் கரித்தால் அடியில் ஒழுகுது. கரிக்கவில்லை என்றால் பெரும்பாலும் மழைத்தண்ணி.
* மிதவை சுவிட்சைக் கையால் தூக்கிப் பாருங்கள். பம்ப் ஓடணும், வெளியே தண்ணி விழணும். சத்தம் மட்டும் வந்தால் போதாது.
* கடல் தண்ணி உள்ளே வரும் வால்வு இருந்தால், படகை விட்டு இறங்கும்போது மூடிவிடுங்கள்.
* ஒவ்வோர் ஓட்டைக்கும் பொருத்தமான மரக்கூம்பு ஒன்றைப் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸ் கழன்றால் அடித்துச் செருக அதுதான் உதவும்.
* கனமழை எச்சரிக்கை வந்தால் தார்ப்பாயை நடுவில் உயர்த்தி, கூரை மாதிரி கட்டுங்கள். தொய்வாகக் கட்டினால் அதுவே தொட்டி ஆகிவிடும்.
* ஊருக்குப் போகணுமா? பக்கத்துப் படகுக்காரரிடம் சாவியும் போன் நம்பரும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மூழ்கிடுச்சு... இப்போ?

முதலில் பதறாதீர்கள். மூழ்கிய படகுக்குள் தனியாக இறங்காதீர்கள். பேட்டரி இணைப்பைப் பாதுகாப்பாகத் துண்டிக்க முடிந்தால் துண்டியுங்கள். கடல்நீர் புகுந்த பேட்டரியிலிருந்து நச்சான குளோரின் வாயு வரலாம் என்பதால் மூடிய அறைக்குள் தலையை விடாதீர்கள். டீசல் மிதந்தால் பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் வேண்டாம். எதையும் நகர்த்துவதற்கு முன் போட்டோ, வீடியோ எடுத்துவிட்டு, மீன்வளத்துறைக்கும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தகவல் சொல்லுங்கள். தேய்மானம், பராமரிப்பு இல்லாதது போன்ற காரணங்களைப் பாலிசிகள் பொதுவாக ஏற்காது. தினமும் பார்த்ததற்குக் குறிப்போ படமோ இருந்தால் அப்போது கைகொடுக்கும்.

அடுத்து தூக்குவது. படகின் விளிம்பு கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும்வரை பம்ப் போட்டுப் பலனில்லை. கடலையே இறைத்துக்கொண்டிருப்பீர்கள்! நீர் இறங்கும் நேரம் பார்த்து, மூடிய காலி பேரல்களையோ காற்றடித்த லாரி டியூப்களையோ இரண்டு பக்கமும் சமமாகக் கட்ட வேண்டும். 200 லிட்டர் பேரல் ஒன்று சுமார் 180 கிலோவைத் தூக்கும். பெரிய படகுக்கு கிரேன்தான் வழி.

கிணற்று வாளியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணிக்குள் இருக்கும்வரை லேசாக வரும், வெளியே வந்ததும் கை கனக்கும். படகும் அப்படித்தான். சரசரவென்று தூக்கினால் உள்ளே இருக்கும் டன் கணக்கான தண்ணியின் கனத்தில் படகு முறிந்துபோகலாம். விளிம்பு வெளியே தெரிந்ததும் நிறுத்தி, ஒழுகும் இடத்தை அடைத்து, அதன் பிறகு இறைத்து, மெதுவாகத் தூக்குவதுதான் சரி.

இன்ஜினுக்கு மணிக்கணக்குதான்!

கடல்நீரில் கிடந்த இன்ஜின், வெளியே வந்து காற்று பட்டதும் வேகமாகத் துருப்பிடிக்கும். அதனால், மெக்கானிக்கை வரச் சொல்லிவிட்டு இன்ஜினை வெளியே எடுங்கள். எடுத்ததும் நல்ல தண்ணியில் கழுவுங்கள். அன்றைக்கே பிரிக்க முடியாது என்றால், நல்ல தண்ணி நிறைந்த தொட்டியில் முழுசாக மூழ்க வைப்பது வெயிலில் போடுவதைவிட மேல்.

எந்தக் காரணம் கொண்டும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் நிற்கும் தண்ணியை அமுக்க முடியாது. ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கை, டீசல் இன்ஜினில் இன்ஜெக்டரைக் கழற்றி, கையால் சுற்றித் தண்ணியை வெளியேற்ற வேண்டும். பழைய ஆயிலை வடித்து, புது ஆயில் ஊற்றி, சிறிது நேரம் ஓட்டி, மறுபடி மாற்ற வேண்டும். ஆயில் டீ நிறத்தில் கலங்கி வந்தால் இன்னும் தண்ணி இருக்கிறது என்று அர்த்தம். தெளிவாக வரும்வரை இரண்டு, மூன்று தடவை மாற்றத்தான் வேண்டும்.

படகே இல்லாத நமக்கு இது எதற்கு என்கிறீர்களா? அடுத்த வடகிழக்குப் பருவமழையில் உங்கள் தெருவில் பைக்கோ காரோ மூழ்கினால், இதே விதிதான். சாவியைத் தொடாமல் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்குப் பணம் வராது என்பதையும் இப்போதே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்த முறை தூத்துக்குடிப் பக்கம் போனால், கட்டியிருக்கும் படகுகளில் ஒன்று மட்டும் பின்பக்கம் கொஞ்சம் இறங்கி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள், 'அண்ணே, அந்தப் படகுல தண்ணி நிக்குது போல.' யாரோ ஒருவருடைய முழு வருஷச் சம்பாத்தியம் அந்த ஒரு வார்த்தையில் தப்பிக்கலாம்!