விரற்பதிவும் உரிமையும்

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி, விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா தம் இறுதி நாள்களைக் கழித்து, 1925-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 23-ஆம் நாள் மறைந்த ஊராகும். அதனைப் போன்ற ஊர்களின் கடைவீதிகளில் இன்று நாள்தோறும் நிகழும் சிறு செயல் ஒன்றைக் காண்போம். உழவர் ஒருவர் சிம் அட்டை வாங்கச் செல்கின்றார். கடைக்காரர் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியை நீட்டி, “பெருவிரலை வையுங்கள், ஐயா” என்கின்றார். விரல் பட்டதும் விளக்கு ஒளிர்கின்றது, அலுவல் முடிந்துவிடுகின்றது. வங்கி முகவரிடம் பணம் பெறும் மூதாட்டியும் அவ்வாறே விரலை வைக்கின்றார். ஆலை வாயிலில் தொழிலாளி தம் முகத்தைக் காட்டி வருகையைப் பதிகின்றார். முற்காலத்தில் கைநாட்டு என்பது எழுத்தறியாதார்க்கே உரியதாயிருந்தது. இன்றோ, பட்டம் பெற்றவரும் கைநாட்டு வைக்கின்றனர்!

இங்ஙனம் பெறப்படும் பதிவை யார் வைத்துக்கொள்கின்றனர்? எத்துணைக் காலம்? பிறர்க்கு அதனைக் கொடுக்கலாமோ? இவ்வினாக்களுக்குச் சட்டம் கூறும் விடையை அறிதல் நலம்.

விரல்நுனியிலுள்ள வரிகள் ஓரிடத்தில் முடிகின்றன, ஓரிடத்தில் கிளைக்கின்றன. கருவி அவ்விடங்களைக் கண்டு, அவற்றின் அமைப்பை எண்களாக மாற்றுகின்றது. கருவிழிக்கும் முகத்திற்கும் இத்தகைய முறைகள் உண்டு. பூட்டின் சாவி தொலைந்தால் வேறு பூட்டு வாங்கலாம். கடவுச்சொல் வெளிப்பட்டால் வேறொன்று வைக்கலாம். விரல் வரிகளை மாற்றுவார் யார்? ஒருமுறை களவு போன உடலடையாளம் வாழ்நாள் முழுதும் களவு போனதேயாகும். ஏனைய செய்திகளினும் இதற்கு மிகுந்த காவல் வேண்டுமென்பது இதனாலேயே.

விரற்பதிவின் வரலாற்றில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. 1858-இல் வங்காளத்தில் ஆங்கில அலுவலராயிருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலைக்குப் பொருள் தர உடன்பட்டவர் பின்னர் மறுத்துவிடாதபடி, ஒப்பந்தத் தாளில் அவர்தம் கையின் அச்சினைப் பெற்றார். 1897-இல் கல்கத்தாவில் விரற்பதிவு நிலையம் தோன்றியது. ஆங்குப் பணியாற்றிய அசீசுல் ஹக், ஹேம் சந்திர போசு என்னும் இந்தியர் இருவரின் உழைப்பு, பதிவுகளை வகைப்படுத்தும் முறைக்குத் துணைநின்றது.

தென்னாப்பிரிக்காவில் இதுவே பெரும் போராட்டத்திற்குக் காரணமாயிற்று. 1906-இல் திரான்சுவால் அரசு, ஆசிய மக்கள் அனைவரும் விரற்பதிவு தந்து பதிவுச்சீட்டுப் பெறுதல் வேண்டும் என்று ஆணையிட முற்பட்டது. அதனை எதிர்த்து அறப்போர் தொடுத்தார் காந்தியடிகள். தமிழர் பலர் சிறை புகுந்தனர். தம்பி நாயுடு அவர்களுள் முன்னின்றார். 1908 சனவரியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மக்கள் தாமே விரும்பிப் பதிவு செய்துகொண்டால் சட்டம் நீக்கப்படும் என்று காந்தியடிகள் நம்பினார். பிப்பிரவரி 10-ஆம் நாள் பதிவு செய்யச் சென்றபொழுது, அவர் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று சினந்தோர் அவரை அடித்து வீழ்த்தினர். அவரோ நோய்ப்படுக்கையில் இருந்தவாறே விரற்பதிவு தந்தார். சட்டம் நீக்கப்படாமை கண்டபின், ஆகசுடு 16-ஆம் நாள் மக்கள் தம் பதிவுச்சீட்டுகளைத் தீயிலிட்டனர். தந்தது அதே விரல். பெற்றது அதே மை. ஆயினும், வற்புறுத்திப் பெறுவதும் மனமுவந்து தருவதும் வேறென்பது அவர் கருத்து. இன்றைய சட்டங்களில் ‘இசைவு’ என்னும் சொல் முதலிடம் பெறுவதும் இவ்வேறுபாடு பற்றியே.

இசைவின்றிப் பயன்படுத்தினால் விளைவது யாது? சிம் அட்டையைச் சரிபார்ப்பதற்கென்று மக்கள் வைத்த விரலைக் கொண்டு, அவர்கள் அறியாமலே ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கியில் கணக்குகள் தொடங்கப்பட்டன என்னும் புகார் 2017-இல் எழுந்தது. சமையல் எரிவாயு மானியமும் அக்கணக்குகளுக்குச் சென்றது. அவ்வாண்டு டிசம்பரில் ஆதார் ஆணையம் அந்நிறுவனத்தின் சரிபார்ப்பு உரிமையை நிறுத்திவைத்தது. 2018-இல் தெலங்கானாவில் சிம் அட்டை வணிகர் ஒருவர், நிலப்பத்திரங்களில் இருந்த பெருவிரற்பதிவுகளைப் பார்த்து இரப்பர் அச்சுகள் செய்து, பிறர் பெயரால் இணைப்புகளை இயக்கினார் என்று காவல்துறையினர் கண்டறிந்தனர். அரசின் ஏட்டில் இருந்த பதிவு தனியார் கையில் அச்சாக மாறிய கதை இது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் 2011-இல் எழுந்த விதிகள், உடலடையாளங்களைக் கடவுச்சொல், மருத்துவக் குறிப்பு முதலியவற்றோடு சேர்த்து, சிறப்பாகக் காக்கத்தக்கவை என வகுத்தன. எழுத்து வடிவில் இசைவு பெறாமல் நிறுவனங்கள் அவற்றைத் திரட்டலாகாது. கவனக்குறைவால் தீங்கு நேர்ந்தால், இழப்புற்றவர்க்கு ஈடு தருமாறு அச்சட்டத்தின் 43-ஏ பிரிவு கூறியது.

2017 ஆகசுடு 24-ஆம் நாள், ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றனர். அடுத்த ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் ஆதார் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆதார் சட்டம் நிலைபெற்றது. எனினும், தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பேரில் ஆதார் சரிபார்ப்பைக் கேட்பதற்கு வழிவிட்ட 57-ஆம் பிரிவின் பகுதி செல்லாதாயிற்று. 2019-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் மக்கள் தாமே விரும்பினால் ஆதாரைப் பயன்படுத்தலாம் என்றது. மூடிய கதவு சற்றே திறந்தது எனலாம். ஆயினும், ஆதாருக்கென எடுத்த விரற்பதிவையும் கருவிழிப் பதிவையும் எக்காரணம் கொண்டும் பிறருடன் பகிர்தல் குற்றமே.

ஆலையின் வருகைப்பொறி ஆதாரோடு இணையாததாயின், அதற்கு வேறு காவல் வேண்டுமன்றோ? அக்குறையை நோக்கிப் பிறந்தது 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். நிறுவனம் எத்தரவை எதற்காகப் பெறுகின்றது என அறிவித்தல் வேண்டும். கேட்பார்க்கு அவ்வறிவிப்பு தமிழிலும் கிடைத்தல் வேண்டும். தந்த இசைவைத் தந்த எளிமையோடே திரும்பப் பெறலாம். தரவு களவு போயின் உரியவர்க்குத் தெரிவித்தல் கடமை. பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் உண்டு. பதினெட்டு வயது நிரம்பாதார் தரவுக்குப் பெற்றோர் இசைவு வேண்டும். பள்ளி, மருத்துவமனை முதலியவற்றிற்குச் சில விலக்குகள் உள. இதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முதன்மைக் கடமைகள் நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாதங்கள் தவணை தரப்பட்டது.

இச்சட்டத்தில் குறையும் உண்டு. விரல் வரியையும் வீட்டு முகவரியையும் இது ஒரே தட்டில் வைத்து நிறுக்கின்றது. தண்டத்தொகை அரசின் கருவூலத்திற்கே செல்லும். ஈடு தந்த 43-ஏ பிரிவும் இச்சட்டம் முழுமையடையுங்கால் நீங்கிவிடும். விரலை இழந்தவர் ஒருவர், தண்டம் பெறுபவர் மற்றொருவர்!

அமெரிக்க நாட்டின் இல்லினாய் மாநிலம் வேறு வழி சென்றது. கடைகளில் விரல் வைத்துப் பணம் செலுத்தும் வசதி அளித்துவந்த ஒரு நிறுவனம் நொடித்தபொழுது, திரட்டிய விரற்பதிவுகள் விலைபோய்விடுமோ என மக்கள் அஞ்சினர். அதன் பயனாய் 2008-இல் ஒரு சட்டம் பிறந்தது. தீங்குற்றவர் தாமே வழக்குத் தொடுத்து, ஒவ்வொரு மீறலுக்கும் ஆயிரம் முதல் ஐயாயிரம் டாலர் வரை பெறலாம். முகங்களை அடையாளம் கண்டு வைத்தமைக்காகத் தொடுத்த வழக்கில், பேசுபுக்கு நிறுவனம் 65 கோடி டாலர் தர இசைந்தது.

மற்றொன்றும் கருதத்தக்கது. சிறையில் சுப்பிரமணிய சிவாவைப் பற்றிய நோய் தொழுநோய். அந்நோயால் விரல் தேய்ந்தவரின் வரிகளைக் கருவி அறிவதில்லை. கல்லுடைத்துக் காய்ப்பேறிய கைகளையும் பல வேளைகளில் அறிவதில்லை. கருவி மறுத்தமையால் கடைக்காரரும் மறுத்தல் முறையன்று. ஆதார் எண் இல்லாமையைக் காட்டித் தொலைபேசி இணைப்பை மறுக்கலாகாது என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகின்றது. கடவுச்சீட்டு முதலிய வேறு சான்றுகளைக் காட்டலாம். கைரேகை உடையாரும் அதனைப் பூட்டி வைக்கலாம். ஆதார் ஆணையத்தின் தளத்திலோ செயலியிலோ பூட்டிவிட்டால், உரியவர் திறக்கும் வரை அவ்விரலைக் கொண்டு எவரும் ஆதார்ச் சரிபார்ப்பு செய்ய இயலாது. இதற்குக் கட்டணம் இல்லை.