கொடி ஏறும் மினாராக்கள்

காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையில் 2023 ஒக்டோபரில் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியதிலிருந்து, வன்னிக்கு நாகூர் இன்னும் கிட்டவாகிவிட்டது. கடலில் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம். கரையில் இறங்கி வடக்கே சில கிலோமீற்றர். அந்த ஊரை நெருங்கும்போது, வீதியில் வந்தாலும் சரி, மீன்பிடி வள்ளத்தில் வந்தாலும் சரி, முதலில் கண்ணில் படுவது ஐந்து மினாராக்கள்தான்.

வடக்கே மாணிக்கப்பூரில் பிறந்து, நாடு பல சுற்றி, 16ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் தங்கிவிட்ட சூஃபி ஞானி சாகுல் ஹமீது இங்கே அடங்கியிருக்கிறார். இருகரை மக்களும் அவரை ‘நாகூர் ஆண்டவர்’ என்றே சொல்வார்கள். தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கரைப் பிடித்திருந்த தீராத நோய்க்கும் அவருக்கும் ஒரு கதை உண்டு. புறா ஒன்றின் உடம்பில் ஊசிகளைக் குத்தி மன்னருக்குச் சூனியம் வைத்திருந்தார்களாம். ஞானி அந்த ஊசிகளைப் பிடுங்கப் பிடுங்க நோயும் இறங்கியதாம். அதற்கு நன்றிக்கடனாக மன்னர் கொடுத்த நிலத்தில் எழுந்ததே தர்கா என்பது மரபு. நேர்ந்துகொண்டவர்கள் இன்றும் அங்கே புறா விடுகிறார்கள்.

அரசன் எழுப்பிய மினாரா

நாகூர்க் கட்டடம் ஒரே காலத்தில், ஒரே கையால் எழுந்ததல்ல. ஞானியின் அடக்கத்தலத்துக்கு மேலே பொன் தகடு போர்த்திய குவிமாடம். உள்ளே போகப் போக வெள்ளியும் பொன்னும் வேய்ந்த வாசல்கள். பக்கத்திலேயே அவருடைய வளர்ப்பு மகன் யூசுபும் மருமகள் சுல்தான் பீவியும் அடங்கியிருக்கிறார்கள். தீர்த்தமாக எண்ணி மக்கள் மூழ்கி எழும் குளமும், மொட்டை போடும் இடமும் வளவுக்குள்ளேயே இருக்கின்றன. வேண்டுதல் பலித்தவர்கள் தகட்டில் வெட்டிய கை, கால், வீடு, கப்பல் உருவங்களைக் காணிக்கையாகச் செலுத்துவார்கள். கோயில் நேர்த்திக்கடன் தெரிந்த எவருக்கும் இந்த முறைகள் புதிதல்ல.

மினாராக்களில் நான்கை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் கட்டிக் கொடுத்தார்கள். ஐந்தாவதான, எல்லாவற்றிலும் உயரமான பெரிய மினாரா 131 அடி. அதை 1757இல் எழுப்பியவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங். முஸ்லிம் ஞானியின் வாசலில் இந்து மன்னர் ஒருவர் கட்டிய இந்த மினாராதான் இன்று நாகூரின் அடையாளம்.

பள்ளிவாசல் மினாரா என்றால் பாங்கு நினைவுக்கு வரும். நாகூர் மினாராக்களுக்கோ, ஞானியின் நினைவு விழாவான கந்தூரிக் காலத்தில் வேறொரு வேலை உண்டு. இஸ்லாமிய நாட்காட்டியின் ஜமாதுல் ஆகிர் மாதம் பிறந்ததும், கப்பல் வடிவில் சோடித்த வண்டிகளில் நாகபட்டினத்திலிருந்து கொடிகள் ஊர்வலமாக வரும். அன்றிரவு ஐந்து மினாராக்களிலும் கொடி ஏறும். பத்தாம் இரவு சந்தனக்கூடு ஊர்வலம். ஓட்டை விழுந்து மூழ்கவிருந்த கப்பலைத் தன் முகம்பார்க்கும் கண்ணாடியை வீசி அடைத்துக் காப்பாற்றியவர் என்று மாலுமிகள் நம்பும் ஒருவருக்கு, கடலில் நிற்பவன் பார்க்கக்கூடிய உயரத்தில் கொடி ஏறுவதுதானே பொருத்தம்!

அடக்கம் இல்லாத தர்காக்கள்

நாகூரிலிருந்து கப்பலேறிய தமிழ் முஸ்லிம் வணிகர்களான மரைக்காயர்களும் சூலியாக்களும் போன இடங்களிலெல்லாம் அந்த மினாராவைத் திரும்பக் கட்டினார்கள். சிங்கப்பூரில் தெலோக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் ஒரு நாகூர் தர்கா எழுந்தது. விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு முந்திய ஆண்டு கிடைத்த காணி அது. கீழ்த்தளத்தில் ஐரோப்பியத் தூண்கள், வளைவுகள். மேலே துளையிட்ட சாளரங்கள். மூலைகளில் அடுக்கடுக்காக ஏறும் குட்டி மினாராக்கள். அன்று அதன் வாசலுக்கு முன்னே கடற்கரை இருந்தது. பிறகு கடலைத் தூர்த்ததில் கரை விலகிப்போய்விட்டது. 1974இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட அக்கட்டடம் இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம். பினாங்கிலும் அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்று எழுந்தது.

நமக்குக் கிட்டடியில் இருப்பது கல்முனைக்குடிக் கடற்கரைப்பள்ளி. அங்கேயும் நாகூர் ஆண்டவர் பேரில் வருடா வருடம் கொடியேற்றம், மௌலூது, கந்தூரிச் சோறு எல்லாம் உண்டு. இந்த மூன்று இடங்களிலும் அவருடைய உடல் கிடையாது. ஞானி கனவில் வந்து இடம் காட்டினார் என்ற நம்பிக்கையே கல்முனைக்குடிக்குப் போதுமானதாக இருந்தது. கபுறே (அடக்கக் குழியே) இல்லாத இடத்தை எப்படி சியாரம் (அடக்கத்தலம்) என்பது என்று கேட்டால், கொடி ஏறுகிறதே, அதைப் பார்க்கவில்லையா என்பார்கள்.

இதை ஏற்காதவர்களும் முஸ்லிம் சமூகத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். அடக்கத்தலத்தில் வேண்டுவது மார்க்கத்துக்குப் புறம்பு என்ற தவ்ஹீத் வாதம் கடந்த சில தசாப்தங்களில் கிழக்கிலும் தமிழகத்திலும் வலுத்திருக்கிறது. அதையும் மீறிக் கொடியேற்றத்துக்குக் கூட்டம் கூடுகிறது.

வன்னிக்கு என்ன?

நாகூரைப் போன்ற தர்கா வன்னியில் இல்லை. ஆனால், கட்டடத்தை விட்டுப் போக நேர்ந்தவர்களின் கதை இங்கே இருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, முல்லைத்தீவின் நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம், தண்ணீரூற்று மக்களும் ஊரைவிட்டுப் போனார்கள். புத்தளத்துக் கொட்டில்களிலேயே ஒரு தலைமுறை வளர்ந்தது. 2009க்குப் பிறகு ஒரு பகுதியினர் திரும்பினார்கள். பலர் இன்னும் இரண்டு ஊருக்கும் இடையில் அல்லாடுகிறார்கள்.

சிங்கப்பூர் போன சூலியாக்கள் பிழைப்புத் தேடித் தாமாகவே கப்பலேறியவர்கள். போன இடத்தில் காணி பெற்று மினாரா கட்டினார்கள். வன்னி முஸ்லிம்கள் துரத்தப்பட்டவர்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனாலும் நாகூர் வரலாறு நமக்குச் சொல்வது ஒன்று உண்டு. நாயக்கர் நிலம் கொடுத்தார், மராத்தியர் மினாரா கட்டினார், மரைக்காயர் கப்பலில் அதைக் கடல் கடத்தினார். தொழுபவனுடைய கை மட்டுமே பட்ட சுவர் அங்கே குறைவு. அயலவன் தோள் கொடுத்ததால்தான் அந்தத் தலம் நின்றது. மீளக்குடியேறிய ஊர்களில் காணி உறுதி, வீட்டுத்திட்டம், வாக்காளர் பதிவு என்று இழுபடும் ஒவ்வொரு விஷயத்திலும் வன்னித் தமிழர் அந்த அயலவனாக நடந்துகொள்கிறார்களா என்பதை, நாகூருக்குக் கப்பலேறுமுன் நாம் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.