தலைக்கும் தரைக்கும் நடுவே

மல்யுத்த வீரர் அண்டர்டேக்கர் செத்துச் செத்துப் பிழைத்தவர் என்று எங்கள் தெருப் பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்கள். ட்ரம்ப் கார்டில் அவர் படம் கைக்கு வந்துவிட்டால் அன்று பூராவும் கொண்டாட்டம்தான். தொண்ணூறுகளில் கேபிள் டிவியோடு வளர்ந்தவர்களுக்கு அவருடைய டூம்ஸ்டோன் பைல்டிரைவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எதிராளியைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, அப்படியே மண்டியிட்டுத் தரையில் இறக்குவார். அடிபட்டவரின் இரண்டு கைகளையும் பிணத்துக்கு மடிப்பதுபோல் மார்பின் மேல் மடித்துவைப்பார். நடுவர் மூன்று எண்ணுவார். ஆட்டம் முடிந்தது.

ஆட்டத்தை இப்படி முடித்துவைக்கும் பிடியைத்தான் ஃபினிஷர் என்கிறார்கள். பெரிய வீரர் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒன்று இருக்கும். பைல்டிரைவர் என்பது உண்மையில் கட்டுமான இயந்திரத்தின் பெயர். பாலம் எழும்பும் இடத்தில் கான்கிரீட் தூணை ஓங்கி ஓங்கி அடித்து மண்ணுக்குள் இறக்குமே, அது. டூம்ஸ்டோன் என்றால் கல்லறைக் கல். பிணம் அடக்கம் செய்பவராக வேடம் கட்டியவருக்கு வேறென்ன பெயர் பொருந்தும்? 1990 நவம்பரில் சர்வைவர் சீரிஸ் போட்டி மேடைக்கு வந்த முதல் இரவே கோகோ பி. வேர் என்பவரை இந்தப் பிடியால்தான் வெளியேற்றினார்.

இந்த மல்யுத்தத்தில் ஜெயிப்பது யார் என்பது முன்பே பேசி முடிவானது. ஆனால் விழுகிற உடம்பும் இழுக்கிற புவியீர்ப்பும் நிஜம். தலைகீழாக இறங்கும் ஒருவரின் கழுத்து எப்படித் தப்பிக்கிறது?

காட்சியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இருவரும் வயிறோடு வயிறு ஒட்டியிருக்கிறார்கள். தூக்கியவரின் கைகள் எதிராளியின் இடுப்பைச் சுற்றி இறுகியிருக்கின்றன. தொங்குகிறவரும் சும்மா இருப்பதில்லை. அவர் கைகள் தூக்கியவரின் தொடையையோ இடுப்பையோ கட்டிப் பிடித்துக்கொள்கின்றன. நாங்கள் சிறுவயதில் கவனிக்கவே கவனிக்காத இடம் இதுதான். தொங்குகிறவரின் தலை, தூக்கியவரின் இரண்டு தொடைகளுக்கு இடையில், முழங்காலுக்கும் சற்று மேலே செருகப்பட்டிருக்கிறது. மண்டியிடும்போது முதலில் தரையைத் தொடுவது தூக்கியவரின் முழங்கால்கள். தலைக்கும் தரைக்கும் நடுவே சில விரல்கடை இடைவெளி மிஞ்சுகிறது. அந்த விரல்கடைகள்தான் ஒரு மனிதரின் வாழ்க்கை.

அடியின் பலமும் கொஞ்சமல்ல. நின்ற நிலையிலிருந்து முழங்கால் தரைக்கு வர ஏறக்குறைய அரை மீட்டர். தடையில்லாமல் விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அண்டர்டேக்கரின் எடை 140 கிலோ என்று அறிவிப்பார்கள். எதிராளிக்கு 100 கிலோ வைத்துக்கொண்டாலும் மொத்தம் 240 கிலோ, இரண்டே முழங்கால்களில். எஃகுச் சட்டங்கள்மேல் மரப்பலகை, அதன்மேல் மெல்லிய மெத்தை, மேலே கான்வாஸ் துணி: மேடை அவ்வளவுதான். பலகை சற்று வளைந்துகொடுத்து அதிர்ச்சியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. அது எழுப்பும் 'டம்' ஓசையை நாம் மண்டை மோதிய ஓசையாக எடுத்துக்கொள்கிறோம்.

இடைவெளி இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை 1997 ஆகஸ்ட் 3 காட்டியது. நியூஜெர்சியில் நடந்த சம்மர்ஸ்லாம் போட்டியில் ஓவன் ஹார்ட், ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினைத் தலைகீழாகத் தூக்கினார். அவர் மண்டியிடவில்லை, கால் நீட்டி உட்கார்ந்தார். வித்தியாசம் அவ்வளவுதான். மண்டியிட்டால் தொடையின் நீளம் முழுக்கத் தரைக்கு மேலே நிற்கும். உட்கார்ந்தாலோ அந்த உயரம் மறைந்து, தொங்கும் தலைக்கு ஒதுங்க இடமே இருக்காது. ஆஸ்டினின் உச்சந்தலை நேராகத் தரையில் மோதியது. கழுத்தின் ஏழு முள்ளெலும்புகளும் இயல்பாக ஒரு வளைவில் இருப்பதால்தான் அதிர்ச்சியைத் தாங்குகின்றன. தலை சற்றுக் குனிந்து அந்த வளைவு நிமிர்ந்திருக்கும்போது உச்சியில் அடி விழுந்தால், பாரம் மொத்தமும் எலும்பின் மேல் எலும்பாக இறங்கும். ஆஸ்டினால் சற்று நேரம் அசையக்கூட முடியவில்லை. ஓவன் கூட்டத்தைப் பார்த்துக் கத்தி நேரத்தைக் கடத்தினார். ஆஸ்டின் தவழ்ந்து வந்து, பேசிவைத்தபடி ஓவனைச் சுருட்டிப் போட்டு ஜெயித்தார். அந்தச் சில நொடிகளை இன்றும் என்னால் முழுசாகப் பார்க்க முடிவதில்லை.

சில மாதங்களில் ஆஸ்டின் மேடைக்குத் திரும்பினாலும் பின்னர் கழுத்தில் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. 2003இல் ஆட்டத்தை விட்டு ஒதுங்கினார். இந்தப் போட்டிகளை நடத்தும் டபிள்யூடபிள்யூஇ நிறுவனம் காலப்போக்கில் பைல்டிரைவரைப் பொதுவாகத் தடை செய்தது. அண்டர்டேக்கருக்கும் கேன் என்ற வீரருக்கும் மட்டும் விலக்கு இருந்தது. இருவரும் ஏறத்தாழ ஏழடி உயரம். மண்டியிட்டே இறக்கும் கைதேர்ந்தவர்கள்.

2010 மார்ச் 28. அமெரிக்காவின் ஃபீனிக்ஸை அடுத்த கிளெண்டேல் நகரில் ரெஸில்மேனியா போட்டி. தோற்றால் ஓய்வு என்ற நிபந்தனையோடு அண்டர்டேக்கரை எதிர்க்க ஷான் மைக்கேல்ஸ் என்ற வீரர் வந்திருந்தார். கடைசியில், விலக்குப் பெற்ற அந்தப் பிடியில் அண்டர்டேக்கர் வழக்கம்போல் மெல்ல மண்டியிடவில்லை. மைக்கேல்ஸைத் தலைகீழாகப் பிடித்தபடி இரண்டு காலாலும் எம்பிக் குதித்து முழங்காலில் இறங்கினார். எம்பிய உயரத்தின் கூடுதல் வேகமும் அந்த முழங்கால்களுக்கே போய்ச் சேர்ந்தது. மூன்று எண்ணி முடிந்தது. பிறகு அண்டர்டேக்கர் மைக்கேல்ஸைக் கைகொடுத்து எழுப்பி, கட்டி அணைத்துக்கொண்டார்.