காலை வாரிய 91!

"அப்பா, 91-க்குக் காரணி ஜோடி எல்லாம் சொல்லுங்க."

ஆறாம் வகுப்பு படிக்கும் என் பையன் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டான். நான் பி.காம். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "ஒண்ணே ஒண்ணுதாண்டா. 1, 91. அது பகா எண்" என்று அடித்து விட்டேன். பார்த்தால் அப்படித்தானே இருக்கிறது? இரட்டைப்படை இல்லை. கடைசியில் 5 இல்லை. 9-ஐயும் 1-ஐயும் கூட்டினால் 10, மூன்றால் வகுபடாது. வேறென்ன வேண்டும்?

திங்கள் சாயங்காலம் நோட்டில் சிவப்பு மையில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் 7 x 13. போதாக்குறைக்கு, "யாரு சொல்லிக் கொடுத்தது?" என்று மிஸ் கேட்க, "எங்கப்பா" என்று அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் சொல்லியிருக்கிறான் என் வீட்டு அரிச்சந்திரன்!

அதுகூடப் பரவாயில்லை சார். செவ்வாய்க்கிழமை கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு, என்னைத் தாண்டி, மாடி வீட்டுக் காலேஜ் பெண்ணிடம் போனான் பாருங்கள்... சுருக்கென்றது. "விடுங்க, உங்களுக்குத்தான் ஆபீஸ் வேலை இருக்குமே" என்றாள் மனைவி. அந்தக் கருணைதான் தாங்கவில்லை.

ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அவன் புத்தகத்தைத் திருட்டுத்தனமாகப் பிரித்தேன். விஷயம் ரொம்ப சிம்பிள். 1-ல் ஆரம்பித்து வரிசையாக வகுக்க வேண்டும். மீதி வராவிட்டால், வகுத்த எண்ணும் ஈவும் ஒரு ஜோடி. 36 என்றால் 1-36, 2-18, 3-12, 4-9, 6-6. சின்னது ஏற ஏறப் பெரியது இறங்கி வரும். இரண்டும் சந்திக்கிற இடம்தான் வர்க்கமூலம். அதைத் தாண்டினால் கல்யாண ஆல்பத்தில் அதே சித்தப்பா-சித்தி இடம் மாறி நிற்கிற மாதிரி, பழைய ஜோடிகளே திரும்ப வரும். 91-க்குப் பத்து வரை போகவே வேண்டாம். பத்துப் பத்து நூறாச்சே! நடுவில் இருக்கிற பகா எண்கள் 2, 3, 5, 7 நாலே நாலு. நான் மூன்றைப் பார்த்துவிட்டு நாலாவதுக்குச் சோம்பல்பட்டிருக்கிறேன்.

ஆறுதலுக்கு ஒரு ஆள் கிடைத்தார். மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது பகா எண் என்று 1644-ல் எழுதி வைத்தார். 1876-ல் லூக்காஸ் என்பவர் 'அது பகா எண் இல்லை' என்று நிரூபித்தார். ஆனால் ஜோடியைக் காட்டவில்லை. ஜாதகம் பொருந்துகிறது, பெண் யாரென்று தெரியாது என்கிற கதை!

1903 அக்டோபர். நியூயார்க்கில் கணித மேதைகள் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் போர்டுக்குப் போனார். வாயே திறக்காமல் 147573952589676412927 என்று கணக்குப் போட்டு எழுதினார். இன்னொரு பக்கம் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார். அதே விடை! பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டார், ஒரே கைதட்டல் என்பார்கள். எத்தனை நாள் பிடித்தது என்று கேட்டதற்கு, மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அரை நிமிஷம் தரவில்லை.

புதன் காலை ஷூ மாட்டிக்கொண்டிருந்தவனிடம் போனேன். "டேய், அன்னிக்கு நான் ஏழால வகுத்தே பார்க்கலடா. தப்பு என்னோடதுதான்."

ஒரு கணம் முறைத்தான். "சரி, 221 சொல்லுங்க."

14 வரை பார்த்தால் போதும். 2, 3, 5, 7, 11... எதுவும் மசியவில்லை. 'பகா எண்' என்று வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு 13 போட்டேன். 17!

"கரெக்ட்" என்று நோட்டை என்னிடம் நீட்டினான். "ஆனா மாடி அக்கா இதைவிடச் சீக்கிரம் சொல்லுவாங்கப்பா."