லட்சத்தீவு: முதலில் கப்பல், பிறகுதான் கடற்கரை

"லட்சத்தீவுக்குக் குடும்பத்தோட போகலாம்னு இருக்கோம் டீச்சர், எந்த ரிசார்ட் நல்லா இருக்கும்?" 2024 ஜனவரியில் பிரதமர் அங்கே போய்வந்த படங்கள் வெளியானதிலிருந்து இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் அதிகம். நான் நாகர்கோவிலில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். கணவரோடு அந்தத் தீவுகளுக்குப் போய்வந்தவள் என்பது தெரிந்து தேடி வருகிறார்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது வேறு. எந்த மாதம் போறீங்க? கப்பலா, விமானமா? கூட வர்ற பெரியவங்களுக்கு முழங்கால் எப்படி இருக்கு? இதற்கெல்லாம் பதில் கிடைத்த பிறகுதான் ரிசார்ட் பேச்சு.

தீவுகள் மொத்தம் 36. மக்கள் குடியிருப்பது 10 தீவுகளில் மட்டும். எல்லாத் தீவுகளின் நிலப்பரப்பையும் கூட்டினால் 32 சதுர கிலோமீட்டர்தான். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. அவ்வளவு சிறிய இடத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 64,473 பேர் வாழ்கிறார்கள். அரிசி, காய்கறி, சிமெண்டு, சமையல் எரிவாயு, மாத்திரை எல்லாம் கடல் தாண்டித்தான் வரவேண்டும். கொச்சியிலிருந்து கிட்டத்தில் உள்ள தீவே 220 கிலோமீட்டர். தொலைவில் உள்ளது 440. காசு இருந்தால் எந்த நேரமும் அறை கிடைக்கும் என்ற ஊட்டி, கொடைக்கானல் கணக்கு அங்கே எடுபடாது.

கொச்சி வில்லிங்டன் தீவுத் துறையிலிருந்து புறப்படும் பயணிகள் கப்பல்கள் சுற்றுலாவுக்கென்று விடப்பட்டவை அல்ல. தீவு மக்களுக்கு அவைதான் பஸ், அவைதான் ஆம்புலன்ஸ். தீவைப் பொறுத்தும் கப்பலைப் பொறுத்தும் 14 முதல் 18 மணி நேரம் ஆகும். நாங்கள் போன கப்பலில் கல்பேனித் தீவுக்காரப் பெண் ஒருவர், கொச்சியில் கண் அறுவைச் சிகிச்சை முடிந்த தாயாரை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். மலையாளத்தில்தான் பேசிக்கொண்டோம். "ஆஸ்பத்திரியில வீட்டுக்குப் போகச் சொல்ற நாளும் கப்பல் புறப்படுற நாளும் ஒண்ணா வராது சேச்சி. நடுவுல எத்தனை நாளானாலும் ரூம் எடுத்துத் தங்கணும். டிக்கெட் கிடைக்கலேன்னா இன்னும் செலவு" என்றார். அந்த அம்மாவுக்கு ஒதுக்கியிருந்தது மேல் பெர்த். கட்டுப்போட்ட கண்ணோடு ஏற முடியாமல் நின்றவரைப் பார்த்து என் கணவர் தன் கீழ்ப் பெர்த்தைக் கொடுத்தார். நாம் வாங்கும் ஒவ்வொரு டிக்கெட்டும் அவர்களுடைய ஊர்வழியில் ஓர் இடம். பயணத்தைத் திட்டமிடும்போது இந்த நினைப்பு முதலில் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்கிறேன்.

அடுத்தது பெர்மிட். இந்தியக் குடிமக்களானாலும், தீவுக்காரர் அல்லாதவர்கள் நுழைவு அனுமதி இல்லாமல் கால்வைக்க முடியாது. 1967-இல் வந்த விதி இது. அங்கே வாழ்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பட்டியல் பழங்குடியினர். அவர்கள் நிலத்தையும் வாழ்க்கையையும் காப்பதற்காக ஏற்பட்டது. 'நம்ம நாட்டுக்குள்ள போக எதுக்கு அனுமதி' என்று சலித்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 32 சதுர கிலோமீட்டரைக் கதவில்லாமல் திறந்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று அவர்கள் யோசிக்க வேண்டும். விண்ணப்பம் இப்போது இணையவழி. அடையாள அட்டை, புகைப்படம், காவல்துறையின் நன்னடத்தைச் சான்று, தங்குமிடம் அல்லது பேக்கேஜ் உறுதியான விவரம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். பெர்மிட்டில் எந்தத் தீவின் பெயர் இருக்கிறதோ அந்தத் தீவுக்குத்தான் போகலாம். விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. லட்சத்தீவு நிர்வாகத்தின் இணையதளத்தைப் பார்க்காமல் ஏஜெண்ட் சொன்னதை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

மாதத்துக்கு வருவோம். மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை தென்மேற்குப் பருவக்கடல். அந்தக் காலத்தில் கப்பல் போக்குவரத்து குறையும். தீவுக்குத் தீவு ஓடும் அதிவேகப் படகுகளும் நின்றுவிடும். அக்டோபர் முதல் மே தொடக்கம் வரை போகலாம் என்பது பொதுக்கணக்கு. டிசம்பர் பிற்பாதியிலிருந்து மார்ச் வரைதான் நான் சிபாரிசு செய்வது. காரணம் எங்கள் மாவட்டத்துக்கு நன்றாகவே தெரியும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் எங்களைப் புரட்டிப்போட்டுவிட்டு அடுத்துப் போனது லட்சத்தீவுக்குத்தான். கடலில் இருந்த எங்கள் மீனவர்கள் பலர் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு அந்தத் தீவுகளில்தான் கரையேறினார்கள். தங்கள் தென்னைகளும் வீடுகளும் சாய்ந்து கிடந்த நேரத்தில், முன்பின் தெரியாத எங்கள் ஆட்களுக்குத் தீவு மக்கள் சோறும் உடுதுணியும் கொடுத்தார்கள். குமரி மாவட்டத்துக்காரர்கள் அங்கே போகும்போது இதை மறக்கக் கூடாது.

திரும்பும் தேதியை இறுக்கமாக வைக்காதீர்கள். கொச்சியில் கப்பல் காலையில் வந்துவிடும் என்று நம்பி, அன்று மாலைக்கே ரயிலோ விமானமோ பதிவு செய்வது ஆபத்து. எர்ணாகுளத்தில் ஓர் இரவை முன்னாலும் ஓர் இரவைப் பின்னாலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விமானத்தில் போனால் கொச்சியிலிருந்து அகத்திக்கு ஒன்றரை மணி நேரம். ஓடுதளம் குட்டையானது என்பதால் சிறிய ஏடிஆர் விமானங்கள்தான் இறங்கும்; பெட்டிக்கான எடை வரம்பை டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். அகத்தியிலிருந்து மற்றத் தீவுகளுக்குப் படகு.

முழங்காலைப் பற்றி ஏன் கேட்கிறேன் என்று பலருக்குப் புரிவதில்லை. பல தீவுகளில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. பவளப்பாறைக்கு வெளியே ஆழக்கடலில் நின்றுவிடும். கப்பலின் பக்கவாட்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு கதவு திறக்கும். கீழே சிறு படகு வந்து அணையும். அலை எழும்போது படகு வாசற்படி அளவுக்கு மேலே வரும். அடுத்த நொடி ஓர் ஆள் உயரத்துக்குக்கூடக் கீழே இறங்கும். உள்ளே ஒருவர், படகில் இருவர் நின்று நம் முழங்கைக்கு மேலே பற்றிக்கொள்வார்கள். படகு மேலே வரும் அந்த நொடியில் அவர்களில் ஒருவர் "இப்போ" என்பார். நாம் தயங்காமல் காலை வைத்துவிட வேண்டும். கையில் பையோ செல்போனோ இருக்கக் கூடாது, எல்லாம் முதுகில். சேலையை விடச் சுடிதார் நல்லது. ஆட்கள் கெட்டிக்காரர்கள், குழந்தைகளைத் தூக்கியே இறக்கிவிடுவார்கள். ஆனாலும் மூட்டு மாற்றியவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள் அகத்திக்கு விமானத்தில் போவதே சரி.

எந்தத் தீவு என்பது அவரவர் விருப்பம். நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பான 'ஸ்போர்ட்ஸ்' நடத்தும் 'சமுத்ரம்' பேக்கேஜில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்றையும் பகலில் பார்த்துவிட்டு இரவு கப்பலிலேயே தங்கலாம். முதல்தடவை போகிறவர்களுக்கு அதுவே போதும். கடலுக்குள் மூழ்கிப் பார்க்க ஆசையிருந்தால் கட்மத். ஸ்கூபா செய்தவர்கள் விமானம் ஏற ஒரு முழுநாள் இடைவெளி விட வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

என் மனம் நிலைத்தது மினிக்காயில். மற்றத் தீவுகளில் பேசுவது மலையாளத்தின் ஒரு வட்டார வழக்கு; இங்கே பேசுவது மாலத்தீவின் திவேகி மொழிக்கு நெருங்கிய மஹல். வடக்கே உள்ள தீவுகளுக்கும் இதற்கும் நடுவே ஒன்பது டிகிரி கால்வாய் என்ற அகன்ற கடற்பாதை இருக்கிறது. 1885-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தின் மேலேறிப் பார்த்தால் வகுப்பறையில் கரும்பலகையில் நான் வரைந்த படம் அப்படியே கீழே கிடக்கிறது: வெளியே கருநீலக் கடல், நுரைக்கும் பாறை வளையம், அதற்குள்ளே பச்சை நிறத்தில் அமைதியான உள்கடல், ஓரத்தில் மெல்லிய நிலம். முன்னொரு காலத்தில் இருந்த எரிமலைகள் மெல்ல அமிழ அமிழ, அவற்றின் விளிம்பில் பவளம் மேல்நோக்கி வளர்ந்ததால் உண்டான அமைப்பு இது. இங்கே சூரைமீனை வலைபோட்டு அள்ளுவதில்லை. உள்கடலில் பிடித்த பொடிமீனை உயிரோடு கொண்டுபோய் வீசி, தண்ணீரையும் தெளித்துச் சூரையைக் கூட்டி, நீளக் கோலில் கட்டிய தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் படகுக்குள் போடுகிறார்கள். அதை அவித்து, புகையூட்டி, வெயிலில் காயவைத்தால் மாசி. காயல்பட்டினம், தூத்துக்குடிப் பக்கம் சம்பலுக்கு இடிக்கிறோமே, அதே சரக்குதான்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன். இந்தத் தீவுகளில் ஆறு கிடையாது. மழைநீர் பவள மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறிவிடும். 2005-இல் கவரத்தியில் ஒரு வழி பிறந்தது. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நாளுக்கு 1 லட்சம் லிட்டர் குடிநீர் தரும் நிலையத்தை அமைத்தது. மேற்பரப்பின் வெதுவெதுப்பான கடல்நீரைக் காற்றழுத்தம் குறைந்த கலத்துக்குள் விட்டால் அது கொதிக்கவைக்காமலே ஆவியாகும். சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாயில் ஏற்றிய குளிர்நீரால் அந்த ஆவியைத் தணித்தால் நன்னீர். கரையை விட்டுச் சற்றுத் தள்ளியதுமே கடல் அவ்வளவு ஆழமாகிவிடுவதால்தான் இது அங்கே கைகூடியது. பின்னர் மினிக்காய்க்கும் அகத்திக்கும் இது வந்தது. இத்தனை பாடுபட்டு எடுக்கும் தண்ணீர் அது. ஷவரைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடுகிற பழக்கத்தைக் கொச்சியிலேயே விட்டுவிடுங்கள்.

பவளமும் அப்படித்தான். பார்க்கக் கல்போல இருந்தாலும் மேலே இருப்பது உயிர். ஏறி நின்றால் செத்துப்போகும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறியதால் பவளம் வெளுத்துப் பெரும் அழிவு ஏற்பட்டது. தீவைத் தாங்கி நிற்பதே அந்தப் பாறைதான். கல்பேனியின் கிழக்குக் கரையில் 1847 புயல் தூக்கிப்போட்ட பவளக்கல் மேட்டை இன்றும் பார்க்கலாம். பாறை வளையம் இல்லாவிட்டால் அந்தக் கடல் என்ன செய்யும் என்பதற்குச் சாட்சி அது. உடைந்து கரையில் கிடக்கும் துண்டானாலும் எடுத்துவரக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மற்றவை சுருக்கமாக. ரொக்கம் கையில் இருக்கட்டும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளைத் தேவைக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஊருக்குள் நடக்கும்போது உடம்பை மறைத்த உடை, பள்ளிவாசல் அருகே அமைதி, பெண்களைப் படமெடுக்கும் முன் அனுமதி. குடியிருப்புத் தீவுகளில் மது கிடையாது. பிளாஸ்டிக் பாட்டில், பாக்கெட் எல்லாவற்றையும் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள். குப்பை கொட்ட அங்கே இடமில்லை.

வரும் பருவத்தில் போக எண்ணமிருந்தால் ஜூலை, ஆகஸ்டிலேயே வேலையைத் தொடங்குங்கள். முதல் வேலையாகக் காவல்துறைச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். அது கைக்கு வராமல் மற்ற எதற்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.