டோக்கியோவில் ஒரு துப்புரவுத் தொழிலாளி

திரைப்படம் என்ற சொல்லைக் கேட்டவுடனே நம் குடும்பங்களில் பெரியவர்கள் சற்று முகம் சுளிப்பதுண்டு. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆரவாரமும் வன்முறையும் மலிந்த படங்கள் நம் வீட்டுக் கூடத்திற்கே வந்துவிட்ட காலம் இது. ஆயினும், வளர்ந்த பிள்ளைகளோடு ஒன்றாக அமர்ந்து பார்த்து, பார்த்தபின் நெடுநேரம் பேசத்தக்க படங்களைத் தரும் கலைஞர்களும் உலகில் உண்டு. அவர்களுள் ஒருவர் ஜெர்மானிய இயக்குநர் விம் வெண்டர்ஸ். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர் இந்தியாவிற்கு வந்து, மும்பை, திருவனந்தபுரம், கொல்கத்தா, டெல்லி, புனே ஆகிய நகரங்களில் தம் படங்களைத் திரையிட்டு, அன்பர்களோடு உரையாடிச் சென்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் 80 வயதை எட்டிய அம்முதியவரின் வாழ்வும் பணியும் நம் வாசகர்கள் அறியத்தக்கவை.

குருவாக விரும்பிய சிறுவன்

வெண்டர்ஸ் 1945-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14-ஆம் நாள் டுசல்டோர்ஃப் நகரில், ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை அறுவை மருத்துவர். ஐரோப்பாவில் போர் ஓய்ந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. அவர் கண் திறந்து கண்டது இடிபாடுகள் நிறைந்த நாட்டை. சிறு வயதில் குருவாக வேண்டும் என்பதே அவரது விருப்பம். பின்னர் மருத்துவமும் தத்துவமும் படிக்கத் தொடங்கி, இரண்டையும் விட்டார். ஓவியராகும் ஆசையோடு பாரிஸ் நகரம் சென்றவர், அங்குள்ள திரைப்படக் காப்பகத்தில் பழைய படங்களை நாள்தோறும் பார்த்துப் பார்த்துத் தம் வழியைக் கண்டுகொண்டார். 1967-இல் மியூனிக் நகரின் திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தார். 1984-இல் 'பாரிஸ், டெக்ஸாஸ்' என்னும் படத்திற்காகக் கான் திரைப்பட விழாவின் முதற்பரிசு அவரை வந்தடைந்தது. பெர்லின் நகர மக்களின் உள்ளக் குமுறல்களைக் கேட்டு நடமாடும் வானதூதர்களை அவர் 1987-இல் திரையில் காட்டினார்.

பயணமே அவருக்குப் பள்ளி எனலாம். கியூபாவின் தலைநகரில் உலகம் மறந்திருந்த முதிய இசைவாணர்களை 1999-இல் உலகறியச் செய்தார். மொட்டையாகிப் போன தம் குடும்ப நிலத்தில் மீண்டும் காட்டை வளர்த்த பிரேசில் நாட்டுப் புகைப்படக் கலைஞர் செபாஸ்டியாவோ சல்காதோவைப் பற்றி, அவருடைய மகனோடு சேர்ந்து 2014-இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார்.

திருத்தந்தையின் முகம்

பிற்காலத்தில் வெண்டர்ஸ் புரோட்டஸ்டண்ட் சபையினரோடு இணைந்து வழிபடலானார். எனினும் திருத்தந்தை பிரான்சிசைப் பற்றி ஒரு படம் எடுக்க வத்திக்கான் அழைத்தது அவரைத்தான். 2018-இல் வெளிவந்த அப்படத்திற்காகத் திருத்தந்தை நான்கு முறை நீண்ட நேரம் உரையாடினார். வெண்டர்ஸ் கையாண்ட முறை எளியது. ஆனால் பயன் மிக்கது. பேசுகின்ற திருத்தந்தையின் கண்கள் நேராகக் கேமராவை நோக்கும்படி ஏற்பாடு செய்தார். ஆதலால் படம் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் அவர் தம்மோடு பேசுவதாகவே தோன்றும். சிறையிலும் மருத்துவமனையிலும் அகதிகளின் நடுவிலும் திருத்தந்தை நிற்கும் காட்சிகளோடு, அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் வாழ்க்கைக் காட்சிகளும் பழங்கால ஊமைப் படத்தின் சாயலில் கருப்பு வெள்ளையில் இடம்பெற்றன. 2025 ஏப்ரல் 21-இல் திருத்தந்தை இறையடி சேர்ந்த பின்னர் அப்படத்தைக் காண்போருக்கு, அந்த நேர்ப்பார்வை இன்னும் ஆழமாகப் பதியும்.

ஓசு காட்டிய வழி

வெண்டர்சுக்கு ஆசானாக விளங்குபவர் யார்? அவர் நேரில் கண்டறியாத ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு. 1903-இல் பிறந்து 1963-இல் மறைந்த ஓசு, குடும்பங்களைப் பற்றியே மீண்டும் மீண்டும் படமெடுத்தவர். பாயில் அமர்ந்திருக்கும் ஒருவருடைய கண்மட்டத்தில் கேமராவைத் தாழ வைப்பது அவரது வழக்கம். 1953-இல் வந்த 'டோக்கியோ கதை'யில், பிள்ளைகளைக் காணத் தலைநகருக்கு வரும் முதிய பெற்றோருக்குச் சொந்தப் பிள்ளைகள் நேரம் ஒதுக்குவதில்லை. விதவையான மருமகளே அன்போடு கவனிக்கிறாள். இது ஜப்பானில் மட்டும் நடக்கும் கதையா என்ன? ஓசுவின் நகரத்தைத் தேடி 1983-இல் டோக்கியோ சென்ற வெண்டர்ஸ், அவருடைய நடிகரையும் ஒளிப்பதிவாளரையும் சந்தித்து 'டோக்கியோ-கா' என்னும் ஆவணப்படத்தைப் படைத்தார். மறைந்த தம் ஆசானைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்த அம்முதிய ஒளிப்பதிவாளர், பேச இயலாமல் கண்ணீர் விடுவதோடு அந்தச் சந்திப்பு முடிகிறது.

கழிப்பறையிலிருந்து ஒரு காவியம்

2022-இல் வெண்டர்சை மீண்டும் டோக்கியோ அழைத்தது. அந்நகரின் ஷிபுயா வட்டாரத்தில் 17 இடங்களில் புதிய பொதுக் கழிப்பறைகள் எழுந்துகொண்டிருந்தன. தடாவோ ஆண்டோ, ஷிகேரு பான் போன்ற உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர்கள் அவற்றை வடிவமைத்தனர். பான் அமைத்தவற்றின் கண்ணாடிச் சுவர்கள் வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியும்படி இருக்கும். உள்ளே சென்று தாழிட்டவுடன் மறைந்துவிடும். தூய்மையாக இருக்கிறதா, உள்ளே எவரேனும் இருக்கிறார்களா என்ற இரண்டு அச்சங்களையும் போக்குவதே அதன் நோக்கம். இவற்றைப் பற்றிச் சில குறும்படங்கள் எடுக்கவே வெண்டர்ஸ் அழைக்கப்பட்டார். வந்து பார்த்தவரோ, கட்டடங்களைவிட அவற்றைத் துடைக்கும் மனிதரே கதைக்குரியவர் எனக் கண்டு, முழு நீளப் படமாக்க விழைந்தார். மூன்று வாரங்களுக்கும் குறைவான நாள்களில் படமாக்கப்பட்ட 'பெர்ஃபெக்ட் டேஸ்' 2023-இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. கோஜி யாகுஷோ சிறந்த நடிகருக்கான பரிசு பெற்றார். கத்தோலிக்கரும் புரோட்டஸ்டண்ட் சபையினரும் இணைந்து அமைக்கும் கிறிஸ்தவ ஒன்றிப்பு நடுவர் குழுவின் பரிசும் அப்படத்திற்கே கிடைத்தது.

கதைநாயகன் ஹிராயாமா. ஓசுவின் படங்களில் வரும் குடும்பப் பெயர் அது. வைகறையில் எழுகிறார், செடிகளுக்கு நீர் தெளிக்கிறார், கதவைத் திறந்ததும் வானத்தை நோக்கிப் புன்னகை செய்கிறார். கண்ணுக்கெட்டாத அடிப்பகுதியையும் சிறு கண்ணாடி பிடித்துப் பார்த்துத் துடைக்கிறார். மீண்டும் அழுக்காகத்தானே போகிறது என்கிறான் உடன் வேலை செய்யும் இளைஞன். அவர் கையோ நிற்பதில்லை. நண்பகலில் மரத்தடியில் அமர்ந்து இலைகளினூடே வரும் ஒளியைப் படமெடுக்கிறார். இரவில் பழைய புத்தகம் ஒன்றைப் படித்து உறங்குகிறார்.

ஒரு காட்சி நம் நெஞ்சைத் தைக்கிறது. வழி தவறி அழும் சிறுவனைக் கழிப்பறைக்குள் கண்ட ஹிராயாமா, அவன் கையைப் பிடித்து வெளியே அழைத்து வருகிறார். ஓடிவரும் தாய், நன்றி என்று ஒரு சொல்லும் சொல்லாமல், அவர் பிடித்த அந்தக் கையை முதலில் ஈரத்தாளால் துடைக்கிறாள். அவள் கொடியவள் அல்லள். மகனைக் காணாமல் துடித்த தாய். அதனாலேயே அச்செயல் நம்மைச் சுடுகிறது. நாமும் அப்படித்தானே செய்கிறோம்?

நம்மை நோக்கி ஒரு கேள்வி

இங்கே ஓர் எச்சரிக்கை. ஹிராயாமா வசதியான குடும்பத்தில் பிறந்தவர் என்பதைக் காரில் வந்திறங்கும் அவர் தங்கையின் வருகை உணர்த்துகிறது. எளிய வாழ்வை அவர் தாமே தேர்ந்துகொண்டார். அவரிடம் கையுறையும் சீருடையும் கருவிகளும் உண்டு. நம் நாட்டில் இத்தொழில் பலர்மீது பிறப்பினால் சுமத்தப்பட்ட நுகம். மனிதக் கழிவை மனிதரே அகற்றும் கொடுமையை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பின்னரும், கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கியோர் மூச்சடைத்து மாண்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அவர்களிடம் சென்று மனநிறைவோடு வாழக் கற்றுக்கொள் என்று கூற எவருக்கும் உரிமை இல்லை. தொழிலை மதிப்பது வேறு; அநீதியை அழகாக்கிக் காட்டுவது வேறு. இப்படத்தின் பாடம் துடைப்பவருக்கன்று, பயன்படுத்தும் நமக்கே.

பொதுநலம் வெண்டர்சுக்கு வெறும் கதைப்பொருள் அன்று. 2012-இல் அவரும் மனைவி டொனாட்டாவும் ஓர் அறக்கட்டளையை நிறுவி, தம் படங்களின் உரிமைகளை அதன் வசமாக்கினர். பழைய படங்களைப் புதுப்பித்துக் காப்பதும் இளம் கலைஞர்களுக்கு உதவுவதும் அதன் பணி. 2025-இல், போர் முடிவுற்ற 80-ஆம் ஆண்டை முன்னிட்டு, பிரான்சில் ரீம்ஸ் நகரின் ஒரு பள்ளிக்கூடத்திற்குச் சென்று குறும்படம் எடுத்தார். 1945 மே 7-இல் ஜெர்மானியப் படைகள் சரணடையும் ஒப்பந்தம் கையெழுத்தான இடம் அது. அமைதி தானாக நிலைப்பதன்று, ஒவ்வொரு தலைமுறையும் பேணிக் காக்க வேண்டியது என்பதே அதன் செய்தி. நோக்கினால், கழிப்பறையின் தூய்மைக்கும் அதே விதிதான். நேற்றுத் துடைத்தது இன்றைக்குப் போதாது.

2013-ஆம் ஆண்டுப் பெரிய வியாழனன்று திருத்தந்தை பிரான்சிஸ் உரோமை நகரின் இளங்குற்றவாளிகள் சிறையில் முழந்தாளிட்டுக் காலடிகளைக் கழுவியதை நாம் அறிவோம். அக்காட்சியைக் கண்டு உருகிய நாம், நம் தெருவைப் பெருக்குபவரின் பெயரை அறிவோமா? கோயில் திருவிழா முடிந்த மறுநாள் காலை வளாகத்தைத் துப்புரவு செய்தவர் யார் என்று பிள்ளைகள் கேட்டால் நம்மிடம் விடை உண்டா? பேருந்து நிலையத்திலும் பள்ளியிலும் கழிப்பறையைப் பயன்படுத்திய பின், அடுத்து வருபவருக்காகத் தண்ணீர் ஊற்றிவிட்டு வர அவர்களுக்குப் பழக்கியிருக்கிறோமா?

அந்தத் தாய் கையைத் துடைத்து மகனை இழுத்துச் செல்கையில், சிறுவன் மட்டும் திரும்பிப் பார்த்து ஹிராயாமாவுக்குக் கையசைக்கிறான். அவர் முகம் மலர்கிறது. குழந்தைகளுக்கு இயல்பாகத் தெரிவதை நாம் மறக்கச் செய்யாதிருந்தால் போதும்.