அடையாள எண்ணில் ஒளிந்திருக்கும் சாலை
மலைமேல் வகுப்பறை – தொடர் 7

மலேசியாவில் பிறக்கும் குழந்தைக்குப் பன்னிரண்டு இலக்க அடையாள எண் ஒன்று கிடைக்கிறது. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. அடுத்த இரண்டு, பிறந்த இடம். பகாங் என்றால் 06, பேராக் என்றால் 08. கேமரன் மலையில் பிரிஞ்சாங் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளிடம் அந்த இரண்டு இலக்கங்களை மட்டும் கரும்பலகையில் எழுதச் சொன்னால் வரலாற்றுப் பாடம் அங்கேயே தொடங்கிவிடும். குடியிருப்பது பகாங்கில்; எண்ணில் 08 எங்கிருந்து வந்தது? அம்மா பிரசவத்துக்குப் பேராக்கிலுள்ள தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ இறங்கியிருக்கலாம். குடும்பமே கீழே இருந்து வேலைக்காக ஏறி வந்திருக்கலாம். வீட்டில் கேட்டால்தான் தெரியும்.

கேட்கப் போனால் சாலையின் கதை வரும். நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885இல் இந்த மேட்டுநிலத்தைக் கண்டார். ஆனால் இடத்தை வரைபடத்தில் சரியாகக் குறிக்கவில்லை என்பார்கள். 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் மலைவாசத் தலம் என்ற யோசனை சூடு பிடித்தது. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலை 1931இல் மேலே வந்து சேர்ந்தது. அதற்குள், 1929இலேயே, ஜே. ஏ. ரஸல் என்பவர் இலங்கையில் தேயிலைத் தொழில் பழகிய ஏ. பி. மில்னைச் சேர்த்துக்கொண்டு ஹாபுவில் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கியிருந்தார். பிரிஞ்சாங்கிலிருந்து மேலே போனால் வரும் சுங்கை பாலாஸ் தோட்டமும் அந்த நிறுவனத்தினுடையதே.

கேமரன், மேக்ஸ்வெல், ரஸல், மில்ன். இவர்கள் பெயர் அச்சில் இருக்கிறது. காட்டை வெட்டி, கன்று நட்டு, கொழுந்து பறித்தவர்களின் பெயர்?

அதைத் தேடப் பாடத்திட்டத்திலேயே ஒரு கதவு திறந்திருக்கிறது. 2014இல் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாறு தனிப் பாடமாக வந்தது. அதன் முதல் பகுதி நான், என் குடும்பம், என் பள்ளி, என் வட்டாரம் என்று தொடங்கி, பிறகே வரலாற்றுக்கு முந்தைய காலத்துக்குத் தாவுகிறது. இடைநிலைப்பள்ளி இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் வரலாற்றில் தேறாவிட்டால் சான்றிதழே இல்லை என்பது 2013 முதல் நடைமுறை. அந்தப் பயம் தொடக்கப்பள்ளி வரைக்கும் எட்டிப் பார்க்கும்போது, குடும்பம், வட்டாரம் போன்ற ‘எளிய’ பக்கங்களை ஓட்டமாக முடித்துவிட்டு ஆண்டுகளையும் அரசர்களையும் மனப்பாடம் செய்யவைக்கத்தான் எந்த ஆசிரியருக்கும் கை பரபரக்கும். தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தப் பக்கங்களில்தான் சரக்கு அதிகம்.

வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்தாலே போதும். சம்பளச் சீட்டு, மங்கிய திருமணப் படம், பாட்டியின் பழைய அடையாள அட்டை. அவசரகாலம் தொடங்கிய 1948இல் மலாயாவில் அடையாள அட்டை வந்தது. குடியுரிமை கிடைக்காதவர்களின் கையில் சிவப்பு அட்டை இருந்தது. ஒரே வீட்டில் பேரனுக்குக் குடிமகனின் நீல அட்டை, பாட்டிக்குச் சிவப்பு என்றால் ஏன் என்று பத்து வயதுப் பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனால் சுதந்திரம், குடியுரிமை, குடியுரிமை இல்லாதவர்களுக்கான 1968இன் வேலை அனுமதிச் சட்டம் எல்லாம் தாமாக வந்து நிற்கும். பெட்டியை விட்டால், பள்ளிக்கூடமே ஒரு சான்றுதான். ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல அந்த ஏற்பாட்டில் வந்தவை.

பெட்டியில் இல்லாததைப் பதிவுசெய்ய, இனி கைப்பேசிக்கு வருவோம். பாட்டியின் குரலைப் பதிவுசெய்து புலனத்தில் (வாட்ஸ்அப்) ஆசிரியருக்கு அனுப்புவது எந்தப் பிள்ளைக்கும் கைவந்த கலை. சிக்கல் கேள்வியில்தான். “அந்தக் காலம் எப்படிப் பாட்டி இருந்துச்சு?” என்றால், “கஷ்டந்தான்யா” என்பதோடு பதிவு முடிந்துவிடும். “பெரட்டுக்கு எத்தனை மணிக்குப் போவீங்க? நீங்க மலைக்குப் போனா கைப்பிள்ளைய யாரு பாத்துக்குவா?” என்று கேட்டால், காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டோடு ஆயாக் கொட்டகை வரும், தூளி வரும், கங்காணி, கிராணி (எழுத்தர்), துரை என்று வரிசையாக ஆட்கள் வருவார்கள். இந்தச் சொற்களைப் பிள்ளைகள் அகராதியாகத் தொகுக்கலாம். ஒரே சம்பவத்தை இரண்டு வீட்டுத் தாத்தாக்கள் இரண்டு விதமாகச் சொன்னால் இன்னும் நல்லது. யார் சொல்கிறார், அப்போது அவர் எங்கே இருந்தார், ஏன் அப்படிச் சொல்கிறார் என்று வகுப்பு வாதாடட்டும்.

பதிவு ஆசிரியரின் கைப்பேசியிலேயே தூங்கிவிடாமல் இருக்க வழி உண்டா? மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் பரித்தேவாடி என்ற சிற்றூரின் அரசுப் பள்ளி ஆசிரியர் ரஞ்சித்சிங் திசாலே, பாடநூல் பக்கங்களில் கியூஆர் குறியீடுகளை ஒட்டினார். கைப்பேசியை மேலே காட்டினால் பாடலும் காணொளியும் திறக்கும். அந்த யோசனை பின்னர் மாநிலப் பாடநூல்களுக்கே போனது. 2020 டிசம்பரில் பத்து லட்சம் டாலர் உலக ஆசிரியர் விருதைப் பெற்றவர், அதில் பாதியை இறுதிச் சுற்றின் மற்ற ஒன்பது பேருக்குப் பகிர்ந்தளித்தார். அந்த ஒன்பதில் ஒருவர் இதே பகாங் மாநிலத்தில், ரூஞ்சாங்கில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்த சாமுவேல் ஐசாயா. மக்களிடம் நிதி திரட்டி வகுப்புக்குக் கணினிகள் வாங்கியவர் அவர்.

அதே குறியீட்டைப் பழைய கொழுந்துக் கூடையின் மேல் ஒட்டினால்? கூடையிடம் கைப்பேசியைக் காட்ட, அதைச் சுமந்தவரின் குரல் கேட்கும். பள்ளியின் ஒரு மூலை அருங்காட்சியகமாகிவிடும். செலவு, அச்சிட்ட காகிதமும் பசையும்தான்.

ஊரின் கதைக்கு வேறொரு கருவி இருக்கிறது. கூகுள் எர்த்தில் 2021இல் சேர்ந்த காலநகர்வு வசதி, 1984 முதலான செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாக ஓட்டிக் காட்டும். கேமரன் மலைமேல் நிறுத்திப் பார்த்தால் பச்சை சுருங்கி, காய்கறித் தோட்டங்களின் நெகிழிக் கூரைகள் வெள்ளை வெள்ளையாகப் பரவுவது தெரிகிறது. ரிங்லெட்டில் 1963இல் முடிந்த சுல்தான் அபு பக்கார் அணையில் வண்டல் ஏன் சேர்ந்தது, 2013 அக்டோபர் 23 அன்று அணைநீரைத் திறந்தபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் ஏன் போயின என்ற கேள்விகளுக்கு அந்தப் படம் ஒரு தொடக்கம். முழு விடையை அதிலேயே தேடக் கூடாது. மழை, நிர்வாகம், ஆற்றோரக் குடியிருப்பு என்று மற்ற சான்றுகளும் வேண்டும்.

திரட்டியதை எங்கே வைப்பது? கல்வி அமைச்சு ஃபுரோக் என்ற இணையக் கற்றல் தளத்தை 2012இல் கொண்டுவந்தது. 2019இல் அது போனது. 2020இல் டெலிமா வந்தது. தளத்தோடு பாட்டியின் குரலும் போய்விடக் கூடாது. 2005இல் இலங்கைத் தமிழர் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் இதற்கு நல்ல முன்மாதிரி. இலங்கை மலையகத் தோட்டங்களைப் பற்றிய ஆவணங்களும் அங்கே சேர்ந்துள்ளன. ஒரு படி பள்ளியில், ஒரு படி வீட்டில், ஒரு படி பொது ஆவணகத்தில் என்றால் ஒன்று அழிந்தாலும் மற்றவை மிஞ்சும். ஆனால் பாட்டியின் சம்மதம் முதலில். சிவப்பு அட்டையின் கதை அவருடையது; வகுப்பில் மட்டும் கேளுங்கள் என்று அவர் சொன்னால் வகுப்போடு நிற்க வேண்டும்.

அடுத்த வாரம்: 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் கேமரன் மலையில் ஒரு பங்களாவிலிருந்து வெளியே நடந்தார், திரும்பவே இல்லை. போலீஸ், ராணுவம், பூர்வகுடி வழிகாட்டிகள் என எல்லாரும் தேடியும் கிடைக்காதவரைப் பதினோரு வயதுப் பிள்ளைகள் எப்படித் தேடுவது?

(தொடரும்)